தலைமை எவ்வழி, நிறுவனம் அவ்வழி

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் ஏக வல்லவனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. சலவாத்தும் சலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பின்னர், ஓர் இளைஞர் மட்டும் பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் காத்திருந்தார். பெரிய கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவர். கடை கடையாகச் சென்று பொருட்களுக்கு ஓடர் எடுப்பது அவரது தொழில். மாத முடிவில் குறிப்பிட்ட தொகைக்கு விற்பனை காட்ட வேண்டும். காட்ட முடியாத மாதங்களில், கடைக்காரர் கேட்காத சரக்கை அவர் பெயரில் பில் போட்டு, அடுத்த மாதம் அதனைத் திரும்பி வந்த சரக்காகக் கணக்கில் கழித்துவிடுமாறு மேலதிகாரி சொல்லிக் கொடுத்திருக்கிறார். "ஹஸ்ரத், பில் போடுவது என் கை. போடச் சொல்வது அவர் வாய். பாவம் யாருக்கு?" என்று அவர் கேட்டார்.

நான் உடனே பதில் சொன்னேன். பொய்க் கணக்கு எழுதுவது ஹராம், அல்லாஹ்வைப் பயந்து அந்தத் தொழிலை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. ஸலாம் கூறிவிட்டுச் சென்றுவிட்டார். வீட்டுக்கு வந்த பின்னர்தான் என் மனம் உறுத்தியது. அவருடைய வாப்பா நோயாளி என்பதும், திருமண வயதில் அவருக்கு ஒரு தங்கை இருப்பதும் எனக்குத் தெரியும். நான் கூறிய சட்டம் சரியானதுதான். ஆயினும் அவர் கேட்ட கேள்வியில் பாதிக்குத்தான் நான் பதில் சொல்லியிருந்தேன். கையைப் பற்றிப் பேசிய நான், வாயைப் பற்றிப் பேசவே இல்லை. விடுபட்ட அந்த மற்றப் பாதியைப் பற்றியதுதான் இன்றைய உரை.

நேயர்களே! நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தைக்குச் சென்ற ஒரு சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த ஒரு தானியக் குவியலுக்குள் அன்னார் தமது திருக்கரத்தை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே நனைந்திருந்தது. விசாரித்தபோது, மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அன்னார், மோசடி செய்பவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இந்த ஹதீஸை நாம் வியாபாரிகளுக்கான எச்சரிக்கையாகவே எப்போதும் பேசி வருகிறோம். ஒரு சமுதாயத்தின் தலைவர் தாமே சந்தைக்குச் சென்று, தமது கையைக் குவியலுக்குள் விட்டுப் பார்த்தார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டாமா? மேலே தெரிந்த காய்ந்த தானியத்தோடு அன்னார் திருப்தியடைந்து திரும்பிவிடவில்லை.

இன்றைய பெரிய கம்பனிகளின் உச்சியில் அமர்ந்திருப்போரின் மேசைக்கு நாளாந்தம் வந்து சேர்வது என்ன? காய்ந்த தானியம்தான். அழகாகத் தயாரிக்கப்பட்ட அறிக்கைகள், ஏறிக்கொண்டே போகும் புள்ளிவிபரங்கள். ஈரம் அடியில் இருக்கும். அதனை அறியத் தலைவர் விரும்புகிறாரா, இல்லையா என்பதைக் கீழே உள்ளவர்கள் மிக விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஓர் உண்மைச் சம்பவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்றொரு வங்கி உண்டு. 1852ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அது, குதிரை வண்டிகளில் தங்கத்தையும் பணத்தையும் பாதுகாப்பாகக் கொண்டுசென்று ஒப்படைத்த வரலாறு உடையது. இன்றும் அந்தக் குதிரை வண்டிதான் அதன் அடையாளம். நமது வார்த்தையில் சொன்னால், அமானிதத்தின் மீது எழுந்த பெயர் அது. வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அது தனியான தலைப்பு. மக்களின் நம்பிக்கையைச் சுமந்த ஒரு நிறுவனம் எப்படிச் சறுக்கியது என்பதையே இங்கு நாம் பார்க்கிறோம்.

அவ்வங்கியின் தலைமை ஓர் இலக்கை வைத்தது. ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்திற்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும். சேமிப்புக் கணக்கு, கடன் அட்டை, கடன் என்று எட்டு. ஏன் எட்டு? எட்டு என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் சிறப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ஒரே ஓசையில் முடிகின்றன. அந்த எதுகையையே முழக்கமாக்கினார்கள். கிளைகள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தப்பட்டன. இலக்கை அடைந்தவருக்கு ஊக்கத்தொகையும் பதவி உயர்வும் கிடைத்தன. அடையாதவருக்கு நெருக்குதலும், வேலை போய்விடும் என்ற அச்சமும் மிஞ்சின.

எந்த மனிதனுக்கு எட்டு வங்கிச் சேவைகள் தேவைப்படும்? தேவைப்படாதவரிடம் எட்டை எப்படி விற்பது? ஊழியர்கள் வழியொன்றைக் கண்டார்கள். வாடிக்கையாளர் அறியாமலேயே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். அவர் கேட்காத அட்டைக்கு விண்ணப்பித்தார்கள். பொய்யான மின்னஞ்சல் முகவரிகளைப் பதிந்தார்கள். பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, புதிய கணக்கு இயங்குவதாகக் காட்டினார்கள். தாம் கேட்காத கணக்குக்காகக் கட்டணம் செலுத்திய மனிதர்களும் இருந்தார்கள்.

2016 செப்டெம்பர் 8ஆம் திகதி விடயம் உலகறிய வெளியானது. அதிகாரிகள் 185 மில்லியன் டொலர் தண்டம் விதித்தனர். அதற்குமுன் சுமார் ஐந்து ஆண்டுகளில், இந்தக் காரணத்துக்காக ஏறத்தாழ 5,300 ஊழியர்களை வங்கி வேலையிலிருந்து நீக்கியிருந்தது. அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் சுமார் இருபது இலட்சம் என முதலில் மதிப்பிடப்பட்டது. 2017ஆம் ஆண்டு அது 35 இலட்சமாக உயர்ந்தது.

நேயர்களே! 5,300 என்ற எண்ணிக்கையைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள். ஒரு கிளையில் ஒருவர் திருடினால் அவர் கெட்டவர் என்று சொல்லிவிடலாம். ஐயாயிரம் பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், வெவ்வேறு ஊர்களில் ஒரே தவறைச் செய்தால் அவர்கள் எல்லோருக்கும் ஆசான் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர்களின் கைநூல்களில் இது தவறு என்றே எழுதப்பட்டிருந்தது. பயிற்சி வகுப்புகளிலும் அப்படியே கற்பிக்கப்பட்டது. முறைப்பாடு செய்வதற்கெனத் தொலைபேசி இலக்கமும் இருந்தது. இவ்வளவும் இருந்தும் ஊழியர்கள் வேறொரு பாடத்தைப் படித்தார்கள். தலைவர் எதை எண்ணுகிறார், யாரைப் பாராட்டுகிறார், யாரைத் தண்டிக்கிறார் என்பதே அவர்கள் படித்த பாடம்.

எதை எண்ணினார்கள்? விற்ற எண்ணிக்கையை. யாரைப் பாராட்டினார்கள்? அவ்வங்கியின் கிளைகள் அனைத்துக்கும் பொறுப்பாக இருந்த கேரி டோல்ஸ்டெட் என்ற பெண்மணி ஓய்வுபெறப்போவதாக 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது, நிறுவனக் கலாசாரத்திற்கே அவர் முன்மாதிரி என்று தலைமை அதிகாரி ஜோன் ஸ்டம்ப் புகழ்ந்தார். மோசடி வெளியாக அப்போது இரண்டு மாதமே இருந்தது. யாரைத் தண்டித்தார்கள்? சந்தேகத்துக்குரிய மோசடிகளைப் பற்றி முறையிட்ட பின்னர் 2010ஆம் ஆண்டு வேலை இழந்த ஒரு முகாமையாளரை மீண்டும் பணியில் சேர்த்து, 54 இலட்சம் டொலர் வழங்குமாறு 2017ஆம் ஆண்டு அந்நாட்டுத் தொழில் திணைக்களம் உத்தரவிட்டது. உண்மை பேசியவரின் கதி இதுதான் என்று கண்ட சக ஊழியர்களில் எத்தனை பேர் அந்தத் தொலைபேசியை எடுத்திருப்பார்கள்?

மேலிடத்துக்குத் தெரியாமல் நடந்ததா? 2002ஆம் ஆண்டிலேயே கொலராடோ மாநிலத்தில் ஒரு கிளையில் அநேகமாக எல்லோருமே இப்படியான விற்பனைத் தில்லுமுல்லில் ஈடுபட்டது கண்டறியப்பட்டதாக, வங்கியின் பணிப்பாளர் சபையே 2017ஆம் ஆண்டு வெளியிட்ட விசாரணை அறிக்கை கூறுகிறது. 2013 டிசம்பரில் லொஸ் ஏஞ்ஜல்ஸ் டைம்ஸ் பத்திரிகை ஊழியர்கள் மீதான நெருக்குதலைப் பகிரங்கமாக எழுதியது. ஈரத்தின் வாடை பல வருடங்களாக வீசிக்கொண்டே இருந்தது. தலைமையோ அவ்வப்போது பிடிபட்ட ஊழியர்களைத் தவறானவர்கள் என்று நீக்கியது, இலக்கைத் தொடவில்லை. குவியலின் மேலே இருந்த தானியத்தை மாற்றிக்கொண்டிருந்தார்களே தவிர, உள்ளே கை விடவில்லை.

முடிவு என்னவாயிற்று? ஜோன் ஸ்டம்ப் 2016 ஒக்டோபரில் பதவி விலகினார். 2020ஆம் ஆண்டு அவருக்கு 175 இலட்சம் டொலர் தண்டமும், வங்கித் துறையில் பணியாற்ற ஆயுட்காலத் தடையும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு வங்கி 3 பில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. வங்கிப் பரிசோதனைக்கு இடையூறு செய்ததாக டோல்ஸ்டெட் 2023ஆம் ஆண்டு நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வங்கியின் வளர்ச்சிக்கு 2018ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு 2025 ஜூன் மாதத்தில்தான் நீக்கப்பட்டது. கெட்டுப்போன பெயரைத் திருத்த ஒரு தலைமுறையின் கால்வாசி கழிந்துவிட்டது.

இதனை ஒரு தனிச் சம்பவம் என்று எண்ணிவிடாதீர்கள். என்ரோன் என்ற அமெரிக்கக் கம்பனியிடம் 64 பக்கங்களைக் கொண்ட ஒழுக்கக்கோவை இருந்தது. 1999ஆம் ஆண்டு அதன் நிதித் தலைவர், கம்பனியோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் தனி நிறுவனத்தைத் தாமே நடத்துவதற்காக, பணிப்பாளர் சபை அக்கோவையின் விதியைத் தளர்த்திக் கொடுத்தது. கடைநிலை ஊழியனைக் கட்டுப்படுத்திய சட்டம் மேலே உள்ளவருக்கு மட்டும் ஒதுங்கி வழிவிட்டது. 2001 டிசம்பரில் அக்கம்பனி முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் தொழிலையும், ஓய்வுகாலச் சேமிப்பையும் இழந்தனர்.

உமர் (ரழி) அவர்கள் மக்களுக்கு ஒன்றைத் தடை செய்யும்போது முதலில் தமது குடும்பத்தாரை ஒன்றுகூட்டுவார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மக்களின் கண்கள் உங்கள் மீதே இருக்கின்றன, உங்களில் ஒருவர் மீறினால் இரட்டிப்பாகத் தண்டிப்பேன் என்று எச்சரிப்பார்கள். கலீபாவின் வீட்டில் சட்டம் இறுகியது. என்ரோனின் உச்சியில் சட்டம் தளர்ந்தது. பாரசீகப் பேரரசன் கிஸ்ராவின் பொக்கிஷங்கள் ஒரு மணிக்கல்லும் குறையாமல் மதீனா வந்து சேர்ந்தபோது, அதனைக் கொண்டுவந்தவர்களின் நேர்மையை உமர் (ரழி) அவர்கள் வியந்தார்களாம். நீங்கள் பேணுதலாக இருந்தீர்கள், ஆகவே உங்கள் மக்களும் பேணுதலாக இருந்தார்கள் என்ற கருத்தில் அலி (ரழி) அவர்கள் பதிலளித்ததாகவும் வரலாறு சொல்கிறது. கண்காணிப்போர் எவருமற்ற பாலைவனத்தில் அந்த வீரர்களின் கைகளைத் தடுத்தது, மதீனாவில் ஒட்டுப்போட்ட ஆடையோடு அமர்ந்திருந்த ஒரு தலைவரின் வாழ்க்கையாகும்.

இக்காலப் பெரிய கம்பனிகளில் இது சாத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். அல்கோவா என்ற அலுமினியக் கம்பனிக்கு 1987ஆம் ஆண்டு போல் ஓநீல் என்பவர் தலைவரானார். முதலீட்டாளர்களின் முதல் கூட்டத்தில் இலாபத்தைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவர் தொழிலாளரின் உடற்பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். எந்தத் தொழிற்சாலையில் எவர் காயமடைந்தாலும், 24 மணித்தியாலத்திற்குள் அந்தப் பிரிவின் தலைவரே தமக்கு அறிவிக்க வேண்டும். மீண்டும் அது நடவாதிருக்கும் வழியையும் கூற வேண்டும் என்றார். முகாமையாளர்கள் கவனிக்காவிட்டால் தம்மை அழையுங்கள் என்று தொழிலாளரிடம் தமது வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையே கொடுத்தார். தலைவர் எதை எண்ணுகிறார் என்பது மாறியபோது, கீழே உள்ளோர் எதைப் பேசுகிறார்கள் என்பதும் மாறியது.

1996ஆம் ஆண்டு அக்கம்பனியின் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் கன்னியாஸ்திரி எழுந்து, மெக்ஸிகோவின் சியுதாத் அகுன்யா நகரத் தொழிற்சாலையில் தொழிலாளர் நச்சுப்புகையால் பாதிக்கப்பட்டதாகக் கூறினார். அவரை அமர்த்திவிடுவது எளிது. ஓநீல் விசாரிக்க ஏற்பாடு செய்தார். சம்பவம் உண்மை, சீர்செய்யப்பட்டும் இருந்தது, ஆனால் தலைமையகத்துக்கு அறிவிக்கப்படவில்லை. அந்தப் பிரிவின் தலைவர் நன்றாக இலாபம் ஈட்டித் தந்தவர். அவரை ஓநீல் பதவி நீக்கினார். கம்பனி முழுவதும் அன்று ஒரு பாடம் படித்தது: இங்கு தவறு நேர்வது மன்னிக்கப்படலாம், தவறை மறைப்பது மன்னிக்கப்படாது. அவர் தலைவராக இருந்த காலத்தில் காயத்தினால் வேலைநாள் இழந்தோரின் விகிதம் நூறு தொழிலாளருக்கு 1.86 என்பதிலிருந்து 0.2 வரை குறைந்தது. கம்பனியின் இலாபமும் பெருகியது. முஸ்லிமல்லாத ஒரு மனிதர் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். அந்த ஸுன்னத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

இப்போது அந்த இளைஞரிடம் வருவோம். பாவம் யாருக்கு என்று அவர் கேட்டார் அல்லவா? மார்க்கத்தின் பதில் இதுதான். படைத்தவனுக்கு மாறு செய்யும் விடயத்தில் எந்தப் படைப்புக்கும் கீழ்ப்படிதல் இல்லை. ஆகவே பில் போட்ட கை தப்ப முடியாது. ஒரு தீய வழக்கத்தைத் தொடக்கி வைத்தவருக்கு, அதனைப் பின்பற்றியோரின் பாவத்திலும் பங்கு உண்டு. பின்பற்றியோரின் பாவம் அதனால் ஒரு சிறிதும் குறைவதுமில்லை. ஆகவே சொல்லிக் கொடுத்த வாயும் தப்ப முடியாது. அவருக்கு மேலே இருந்துகொண்டு, விற்பனை எப்படி வந்தது என்று கேட்காமல் தொகையை மட்டும் கேட்டவரும் தப்ப முடியாது. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்புப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழி இவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

மறுவாரம் அவருடைய வீட்டுக்குச் சென்று, முன்னர் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அவசரப்பட்டுத் தொழிலை விட வேண்டாம், பொய்ப் பில்லை முதலில் விடுங்கள், உண்மையான ஓடரை மட்டும் கொண்டு போங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். மூன்று மாதம் ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. மேலதிகாரியின் ஏச்சு மட்டும் கிடைத்தது. தங்கையின் திருமணமும் தள்ளிப்போனது. பின்னர் வேறொரு நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். இன்று அவர் மேற்பார்வையாளர். அவருக்குக் கீழே ஆறு பேர். அண்மையில் என்னைச் சந்தித்தபோது, "ஹஸ்ரத், அன்றைக்குக் கை நானாக இருந்தேன். இப்போது வாய் நான். இதுதான் கஷ்டம்" என்றார். மாத முடிவில் மேலிருந்து நெருக்குதல் வரும்போது, அதே பழைய வார்த்தை தமது நாக்கின் நுனிவரை வந்துவிடுகிறதாம். அதனால் மாதத்தில் ஒவ்வொரு பிரதிநிதியோடும் ஒரு நாள் கடைகளுக்குச் சென்று, பில்லையும் ராக்கையில் உள்ள சரக்கையும் தாமே ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். இலக்குத் தவறியவரிடம், என்ன தடை என்று முதலில் கேட்கிறாராம். நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்காததை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இளைஞர்களே! நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும்போது சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். இலக்குத் தவறியவர்களை இந்நிறுவனம் எப்படி நடத்துகிறது, கெட்ட செய்தி கொண்டு வருபவரை எப்படி வரவேற்கிறது என்று அங்கு பணிபுரிவோரிடம் கேட்டறியுங்கள். சேர்ந்த பின்னர் முதலாவது பொய்க்கே மறுப்புச் சொல்லுங்கள். பத்தாவது பொய்க்கு மறுப்புச் சொல்ல உங்களுக்கு நா எழாது. இரண்டு பேருக்கு நீங்கள் பொறுப்பானாலும் நீங்கள் தலைவர்தான். அந்த இருவரும் உங்கள் அறிவுரையைக் கேட்பதைவிட உங்கள் முகத்தையே அதிகம் படிப்பார்கள்.

பெற்றோர்களே! இந்த உரை கம்பனி முதலாளிகளுக்கானது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பிள்ளை பாடசாலை முடிந்து வீடு வந்தவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி என்ன? எத்தனை புள்ளி? வகுப்பில் எத்தனையாம் இடம்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை? தொண்ணூறு எடுத்தால் புகழ்ச்சி. ஐம்பது எடுத்தால் ஏச்சு. தொண்ணூறு எப்படி வந்தது என்று கேட்கிறோமா? பார்த்து எழுதிய தொண்ணூறையும் படித்து எழுதிய ஐம்பதையும் அந்தப் பிள்ளை நம் முன்னால் வைத்தால், நமது முகம் எதைப் பார்த்து மலரும்? வெல்ஸ் ஃபார்கோவின் தலைமை எட்டு என்றது. நாம் ஒன்பது ஏ என்கிறோம். தொழில் பார்க்கும் மகன் அனுப்பும் பணத்தை எண்ணுகிறோம். அது வந்த வழியைக் கேட்பது அவன் மனதை நோகடிக்கும் என்று மௌனமாகிவிடுகிறோம். பொய்க் கணக்கு எழுதும் ஊழியன் முதன்முதலில் வேலை பழகிய இடம், பல சமயங்களில் வீட்டுச் சாப்பாட்டு மேசையாகத்தான் இருக்கும்.

ஆகவே இன்றிரவே தொடங்குங்கள். பிள்ளையின் குறைந்த புள்ளியை அவன் தானாகக் கொண்டு வந்து காட்டினால், முதலில் அந்த உண்மைக்காக அவனைத் தட்டிக் கொடுங்கள். புள்ளியைப் பற்றிப் பிறகு பேசலாம். உம்மாவிடமும் வாப்பாவிடமும் நனைந்த தானியத்தை மேலே வைத்துக் காட்டப் பழகிய பிள்ளை, நாளை எந்தக் கம்பனியிலும் அதனை அடியில் மறைக்கக் கூச்சப்படும்.

வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களை அறிந்து நிறைவேற்றும் பொறுப்பாளர்களாக நம்மை ஆக்குவானாக! நம் பிள்ளைகளின் கைகளைப் பொய்க் கணக்கிலிருந்தும், நம் வாய்களை அதனை ஏவுவதிலிருந்தும் பாதுகாப்பானாக! ஹலாலான ரிஸ்க்கைக் கொண்டு நம் இல்லங்களைப் போதுமாக்குவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.